ஈடு

சமையலறையில் ஈடு என்ற சொல்லை நாம் இன்று பெரும்பாலும் இட்லிக்குத்தான் வைத்திருக்கிறோம். ஒரு தடவை தட்டுகளில் ஊற்றி வேகவைத்து எடுப்பது ஒரு ஈடு. முதல் ஈடு பிள்ளைகளுக்கு, கடைசி ஈடு அம்மாவுக்கு. நான் வேலை பார்க்கும் பாங்க்கில் இதே சொல் வேறு முகத்தோடு வருகிறது. கடனுக்காக வைக்கப்படும் நகையும் நிலப் பத்திரமும் ஈடு. நஷ்டத்துக்குத் தரப்படுவதும் ஈடு. இலக்கியம் படிக்கிறவனுக்கு அது ஒரு உரையின் பெயர்: திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விரிவுரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி. நான் எழுத எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் இவற்றைவிடச் சிறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிலோ அரிசியையும் ஒரு கிலோ கோழியையும் சமைத்து, பங்கிட்டு, வாரம் முழுவதற்கும் வைத்துக்கொள்கிற பழக்கம் பற்றியது. இதற்குத் தமிழில் ஒரு சொல் தேடினால் ஈடு ஒன்றுதான் அகப்படுகிறது. மொத்தச் சமையல் என்றால் கல்யாண மண்டபம் நினைவுக்கு வருகிறது. மீந்தது, பழையது, ஆறினது என்ற மற்ற சொற்களிலெல்லாம் ஒரு முகச்சுளிப்பு ஏற்கனவே கலந்திருக்கிறது. ஒரு காரியத்துக்கு மரியாதையான பெயர் ஒரு மொழியில் இல்லாமல் இருப்பது தற்செயல் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியில் நானும் அம்மாவும் இருக்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து இரவுகள், இரண்டு பேர், பத்துச் சாப்பாடு. ஒரு கிலோ புழுங்கலரிசி வெந்தால் ஏறத்தாழ மூன்று கிலோ சோறாகிறது. ஒரு டப்பாவுக்கு முந்நூறு கிராம். கோழி அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் ஆகாது. அந்த இரண்டு நாட்களுக்கு வத்தக்குழம்பு, அது தானாகவே நாள் தாங்கும் சமாசாரம். மீதி மூன்று நாட்களுக்கு ஒரு கிலோ கோழி ஆறு பங்கு. சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள், மல்லித்தூள், மிளகாய்த்தூள். தேங்காய் இதில் சேர்க்கக்கூடாது, ஏனென்றால் அரைத்த தேங்காய் ஊற்றிய குழம்பு சீக்கிரம் ஊசிப்போகும். உருளைக்கிழங்கும் கூடாது, உறைந்து இளகினால் அது மணல்மணலாகப் போய்விடும். சோறும் குழம்பும் தனித்தனி எவர்சில்வர் டப்பாக்களில். திங்களுக்கான சோறும், திங்கள், புதன் கோழியும், செவ்வாய்க்கான குழம்பும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். மற்றவை மேலே உறைபெட்டியில். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்கு எல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும்.

இதை முழுக்க நானே தேர்ந்துகொண்ட ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டால் பாதிதான் உண்மை. மாற்றலாகி வந்து வீடு தேடிய நாட்களில் வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடிந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும்: நீங்க சைவம்தானே? கேட்கப்படுவது சாப்பாடு பற்றியல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். மூன்று வீடுகள் அந்தக் கேள்வியில் நின்றுபோயின. நான்காவது வீட்டுக்காரர் தாராளமானவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் ஆட்சேபணை இல்லை, மாடிப்படிப் பக்க ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றார். வாரத்தில் ஒரு வாசனைக்கு மட்டும் அனுமதி. அந்த அனுமதிக்குள் அடங்குகிற சமையல் எது என்று யோசித்தால் விடை தானே வந்துவிடுகிறது. உறைந்த குழம்பைப் புதன்கிழமை இரவு சுடவைக்கும்போது எழுகிற மணம் மாடிப்படி ஏறுவதில்லை.

பாங்க் வேலையில் இருக்கிறவனுக்குத் தொகுத்துச் செய்வது அந்நியமான காரியம் அல்ல. நெஃப்ட்டில் ஒருவர் அனுப்புகிற பணம் நாங்கள் பொத்தானை அழுத்திய கணத்தில் போய்விடுவதாக வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். அது அரை மணிக்கு ஒரு தொகுதியாகச் சேர்ந்து தீர்வாகிறது. 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் பாராமல், விடுமுறை பாராமல், நாளொன்றுக்கு 48 தொகுதிகள். காசோலைகளும் அப்படித்தான் கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்பின. 2025 அக்டோபர் 4 முதல் அவற்றை வரவர உடனுக்குடன் தீர்க்கும் முறை வந்துவிட்டது. பாங்க் ஈடுகளை விட்டுச் சுடச்சுடப் பரிமாறும் பக்கம் நகர்கிற நேரத்தில் நான் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். காரணம் எளிது. உடனுக்குடன் என்பது யந்திரம் செய்யும்போது வேகம். வீட்டில் அதைச் செய்வதற்கு ஓர் ஆள் எப்போதும் அடுப்பருகே நின்றுகொண்டிருக்க வேண்டும்.

சோற்றைப் பற்றி நாம் பேசுகிறபோது அது ஒரே பொருள் என்று நினைத்துப் பேசுகிறோம். வெந்து இறக்கிய சோறும் நான்கு மணி நேரம் கழித்த சோறும் வேறு வேறு பொருள்கள். வேகும்போது அரிசியின் மாவுச்சத்து நீரைக் குடித்து அவிழ்ந்து மென்மையாகிறது. ஆறும்போது அந்த இழைகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி இறுகத் தொடங்குகின்றன. ஃப்ரிட்ஜின் குளிர்ச்சியில் இந்த இறுக்கம் வேகமாக நடக்கிறது. உறைநிலையில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவதும், உறையவைத்து ஆவியில் காட்டிய சோறு ஓரளவு பழைய நிலைக்கு வருவதும் இதனால்தான். இட்லிக் கொப்பரையில் துணி போட்டு ஏழெட்டு நிமிஷம் வைத்தால் போதும். புதுச்சோறு ஆகிவிடுமா என்றால், ஆகாது. சோறாகத் திரும்பி வரும்.

இன்னொரு விஷயம் ருசி சார்ந்ததல்ல. மண்ணிலிருந்து அரிசியோடு வருகிற ஒரு கிருமி உண்டு, பாஸில்லஸ் சீரியஸ் என்று பெயர். அதன் வித்துகள் கொதியில் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் குண்டானிலேயே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. கொதிக்கவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம் நம்பிக்கை இங்கே செல்லுபடியாகாது. வடித்த சோற்றை நான் உடனே இரண்டு அகலத் தாம்பாளங்களில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் அது ஆறி, டப்பாவில் அடைந்து, குளிருக்குள் போய்விட வேண்டும். தொகுத்துச் சமைக்கிறவனுக்கு உள்ள ஒரே கண்டிப்பான விதி இதுதான். சமைப்பதில் சோம்பலாக இருக்கலாம், ஆற்றுவதில் இருக்க முடியாது.

கோழியின் கதை வேறு. சமைத்த கோழியை மறுநாள் சுடவைத்தால் அட்டையை மென்றதுபோல ஒரு ருசி வரும், அநேகமாக எல்லோருக்கும் தெரிந்தது. டிம்ஸ், வாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1958இல் இதைத் தனியாக அடையாளம் கண்டு ஒரு பெயரும் வைத்தார்கள். தசையிலுள்ள இரும்பு, கோழிக் கொழுப்பில் எளிதில் கெடக்கூடிய பகுதியைப் பிராணவாயுவோடு சேரத் தூண்டுகிறது. அதிலிருந்து எழுவதுதான் அந்த வாடை. மஞ்சள், இஞ்சி, பூண்டு, மிளகு, கிராம்பு போன்றவை அந்தச் சேர்க்கையைத் தாமதப்படுத்துகின்றன. குழம்பில் மூழ்கிக் கிடக்கிற துண்டுக்குக் காற்றும் குறைவாகவே படுகிறது. மறுநாள் கோழிக்குழம்பு முதல் நாளைவிட ருசி என்று கிராமத்தில் சொல்வது வெறும் சமாதானம் அல்ல. அந்த ருசிக்குப் பின்னால் ஒரு சேமிப்பு முறை இருக்கிறது.

இப்போது மீல் ப்ரெப் என்ற பெயரில் உலவுகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அளவில் ஐந்து பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சோறு ஒரு மூலை, எலும்பு நீக்கி வெறுமனே வாட்டிய கோழி ஒரு மூலை, பச்சையாக ஏதோ ஒன்று ஒரு மூலை. மேலே இத்தனை கிராம் புரதம், இத்தனை கலோரி என்று குறிப்பு. கணக்குப் புத்தகத்தோடு ஆயுசைக் கழிக்கிற எனக்குக்கூட இந்தப் படங்கள் அலுப்புத் தருகின்றன. இவற்றில் சாப்பிடுகிறவன் மட்டும் இருக்கிறான், அவனும் உடம்பாக மட்டும் இருக்கிறான். கெட்டுப்போகிற ருசியைக் காப்பாற்றும் வித்தை எதுவும் அந்த வாட்டிய கோழியிடம் இல்லை. ஆனால் இந்தப் படங்களை எள்ளி நகையாடிவிட்டு, அம்மா கைச்சோறு, ஆவி பறக்கும் இலை என்று உருகி எழுதுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளவும் என்னால் முடியவில்லை. அவர்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை அவர்கள் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு இப்படி இருந்தது. அப்பா அரவை மில்லில் வேலை பார்த்தார். மத்தியானம் ஒரு மணிக்கு வருவார், இரவு எட்டரைக்கு வருவார். இரண்டு வேளையும் சோற்றில் ஆவி பறக்க வேண்டும். அவர் கோபக்காரர் அல்ல; ஆறின சோற்றைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் கையைத் தட்டுக்கு மேலே ஒரு கணம் நிறுத்துவார். அது போதும். அம்மா பன்னிரண்டரைக்கு உலை வைப்பாள், எட்டு மணிக்கு மறுபடி உலை வைப்பாள். நானும் அக்காவும் அப்பாவோடு உட்கார்ந்துவிடுவோம். இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அம்மா சாப்பிடுவாள். அம்மாவுக்குப் பழையதுதான் பிடிக்கும் என்று வீட்டில் ஒரு வழக்கு இருந்தது. விருந்தாளிகளிடமும் அப்படியே சொல்வோம், அவளும் ஆமாம் என்பாள். ஒரு ஏற்பாட்டை ஒருவருடைய ருசியாக மாற்றிச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. விமர்சனத்தில் இந்த வித்தையைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அது முதலில் புழங்குகிற இடம் சமையலறை.

எங்கள் வீடு விதிவிலக்கு என்று நான் நினைக்கவில்லை. பண்ணையில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பழையது, பண்ணையாருக்குச் சுடுசோறு. பெண்களுக்குப் பழையது, ஆண்களுக்குச் சுடுசோறு. காவிரிக் கரையில் ஒரு வீட்டுக்குள் யார் யார் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று அறிய சோற்றின் சூட்டைத் தொட்டுப் பார்த்தால் போதும் என்று சொல்லலாம். பழையது இன்று ஹோட்டல்களில் மண்சட்டியில், வறுத்த மோர்மிளகாயோடு, நல்ல விலைக்கு வருகிறது. உடம்புக்கு நல்லது என்கிறார்கள். நல்லதாகவே இருக்கட்டும். அதை வேறு வழியில்லாமல் சாப்பிட்டவர்களின் பெயர் அந்த விலைப்பட்டியலில் இல்லை என்பதை மட்டும் கவனிக்கிறேன்.

2011இல் தமிழ்நாட்டு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் வீடுகளுக்கு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றியிருந்த படித்தவர்கள் அதைப் பற்றிப் பேசிய தோரணையில் எள்ளல் அதிகம். இலவசத்தின் அரசியல் பற்றி அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் பேசியவர்களில் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவர் ஒருவரும் கிடையாது. கிரைண்டர் வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஆட்டுக்கல் குழவியை எடுத்துக் கொல்லைச் சுவரோரம் சாத்தினாள். திரும்ப அதை அவள் தொட்டு நான் பார்க்கவில்லை. நேரத்தை மிச்சப்படுத்துவது ருசிக்கு விரோதம் என்ற மனோபாவம், நேரத்தைக் கொடுக்காமல் ருசியை மட்டும் வாங்கிக்கொண்டவர்களுடையது.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, நெடுநேரம் நிற்க முடியாது. எனக்கு பாங்க்கில் கணக்கு முடித்துக் கிளம்ப ஏழு, ஏழரை. நான் வந்து சமைத்தால் சாப்பிடப் பத்தாகும். அவள் சமைத்தால் கால் வீங்கும். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அப்படித்தான் தொடங்கியது. முதல் ஒரு மாதம் அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐஸ் சோறு என்று பெயர் வைத்தாள். நான் வருவதற்கு முன்னால் ஒரு ஆழாக்கு அரிசியைத் தனியாக வடித்து மூடி வைத்திருப்பாள், எனக்கு. டப்பாச் சோற்றை அவள் சாப்பிடுவாள். அதாவது பழைய ஏற்பாட்டை அவள் புதிய பாத்திரங்களைக் கொண்டு மறுபடி நிறுவிக்கொண்டிருந்தாள். மகனுக்குச் சூடு, தனக்குப் பழசு. ஃப்ரிட்ஜ் வந்தாலும் பத்து டப்பா வந்தாலும் உள்ளே இருக்கிற வரிசை மாறுவதில்லை என்பதை அப்போது பார்த்தேன். நான் தர்க்கம் செய்யவில்லை. டப்பாக்களின் மேல் நாளும் பெயரும் எழுதி ஒட்டினேன். ஒருவருக்கு ஒன்று, இரண்டும் ஒரே ஈடு.

தேங்காய்தான் எங்களுக்குள் சமாதானத்தைக் கொண்டுவந்தது. குழம்பில் தேங்காய் இல்லாதது அவளுக்குப் பெரிய குறை. அது ஏன் இல்லை என்று சொன்னேன். அப்படின்னா அன்னன்னைக்கு அரைச்சு ஊத்திக்கலாமே தம்பி, என்றாள். அதிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. அடிக்குழம்பு என் வேலை, ஞாயிற்றுக்கிழமையது. உட்கார்ந்தபடியே ஒரு மூடித் தேங்காயில் பாதியைத் துருவி, சோம்பு வைத்து மிக்ஸியில் அரைத்து, இளகிய குழம்பில் ஊற்றி ஒரு கொதி விடுவது அவள் வேலை, அன்றன்றையது. பத்து நிமிஷம். சேமித்துவைத்ததும் புதிதும் ஒரே சட்டியில் சேர்கின்றன. எது எவ்வளவு தூரம் முன்கூட்டியே தயாராக இருக்கலாம், எந்த இடத்தில் புதிது வந்து சேர்ந்தே ஆக வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இந்தச் சமையலின் சாரம் என்று நினைக்கிறேன். அன்று பிறந்தது மட்டுமே உயிருள்ளது என்று கவிதையைப் பற்றிச் சொல்கிறவர்கள் நம் பத்திரிகைகளில் உண்டு. அவர்களுடைய நல்ல வரிகளுக்கு அடியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை கிடக்கிறது.

ஒரு புதன்கிழமை நான் வந்தபோது அம்மா சாப்பிட்டு முடித்திருந்தாள். தொலைக்காட்சியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

பசிச்சுது, சாப்ட்டுட்டேன், என்றாள். உன்னோடது மேல் தட்டுல இருக்கு. சுட வச்சுக்க.

அவ்வளவுதான் சொன்னாள், திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டில் ஆண் யாரும் சாப்பிடுவதற்கு முன்னால், தன் பசிக்கு, தன் நேரத்தில், சூடாக அவள் சாப்பிட்டு நான் அறிந்தது அன்றுதான். அதைப் பெரிய சம்பவமாக அவள் கருதவில்லை. நானும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சமையல் மிச்சப்படுத்துகிற நேரம் யாருடையது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் ஸ்தூலமான பதில் அது.

இதில் இழப்பு இல்லையா என்றால், உண்டு. சமைக்கலேன்னா அந்த நேரத்துல நான் என்னடா பண்றது, என்று அவளே ஒரு நாள் கேட்டாள். நாற்பது வருஷம் ஒரு வீட்டின் பொழுதை உலை கொதிக்கிற சத்தத்தால் அளந்தவளுக்கு மாலை ஏழு மணி இப்போது எந்தச் சத்தமும் இல்லாமல் வருகிறது. அடுப்பு அவளுக்குச் சுமை மட்டுமாக இருக்கவில்லை, அதிகாரமாகவும் இருந்தது. சுமையை இறக்கிவைத்தபோது அதிகாரமும் கூடவே இறங்கிவிட்டது. தேங்காய் அதில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தந்திருக்கிறது. எனக்கும் மிச்சமாகிற இரண்டு மணி நேரம் முழுக்கப் படிப்பாகவும் எழுத்தாகவும் மாறிவிடுவதில்லை. சில இரவுகள் அது மொட்டைமாடியில் வெறுமனே நிற்பதாகப் போகிறது. அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஈடு வைத்தது ஞாயிற்றுக்கிழமைக் காலை. மீட்டது ஐந்து மாலைகள். வட்டி எவ்வளவு என்பதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்கிறோம். விமர்சகர்களுக்கு மிகவும் பிடித்த பழமொழி. ஒரு கவிதையைப் படித்துவிட்டு ஒரு தொகுப்பைத் தீர்ப்பதற்கு அதைவிட வசதியான ஆதாரம் கிடையாது. ஆழாக்கு அரிசி வேகிற சின்னப் பானையில் அது சரியாக இருக்கலாம். கிலோ அரிசி வேகிற குண்டானில் அடியில் குழைகிறபோது மேலே நடு அரிசி நிற்கும். கரண்டி போட்டு அடியும் மேலும் புரட்டி, மூன்று இடத்தில் எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அளவு பெரிதாகும்போது பதம் பார்க்கும் முறையும் மாற வேண்டும். அன்றாடம் சமைக்கிறவர் இன்று குழைந்தால் நாளை சரிசெய்துகொள்வார். எனக்குக் குழைந்தால் வாரமே குழைந்தது. முன்கூட்டிச் செய்துவைக்கிற எல்லாக் காரியங்களிலும் இந்தப் பயம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

இன்னொரு பயம் கம்பி வழியாக வருகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது இந்தப் பக்கத்தில் தென்னை மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் திரும்பப் பல ஊர்களுக்கு நாள் கணக்கில் ஆயிற்று. அப்போது நான் இங்கே இல்லை. இருந்து பார்த்தவர்கள், ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாகிவிட்டது என்று சொல்கிறார்கள். அம்மாவின் நீர்ச்சோற்றுப் பானைக்குக் கம்பி தேவையில்லை. தண்ணீரும் புளிப்பும் அதற்குப் போதுமான காவல். அது ஓர் இரவைத் தாண்டுவதற்கான வித்தை, என்னுடையது ஒரு வாரத்தைத் தாண்டுவதற்கு. நீண்ட தூரம் தாண்டுகிறவன் அதிகம் பேரை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது: மின்வாரியத்தை, கம்பம் ஏறுகிற தொழிலாளியை, ஃப்ரிட்ஜ் வாங்க முடிந்த சம்பளத்தை. தொகுத்துச் சமைத்துக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் உபதேசமாக நான் சொல்லாததற்கு இதுவே காரணம். அன்றாடக் கூலி அன்றாட அரிசியாகிற வீட்டில் வாரத்துக்கு ஈடு என்பதற்கு அர்த்தம் இல்லை.

கடைசியாக, விருந்தாளி. பழைய வீட்டுப் பானையில் எப்போதும் ஒரு கை அரிசி கூடுதலாக விழும். யாருக்கு என்று பெயர் கிடையாது. வந்தால் வருகிறவருக்கு, வராவிட்டால் தண்ணீர் ஊற்றி அம்மாவுக்கு. என் பத்து டப்பாக்களில் அப்படிப் பெயரில்லாத சோறு இல்லை. பத்துச் சாப்பாடு, பத்துப் பெயர். திடீரென்று ஒரு நண்பர் பஸ் இறங்கி வந்துவிட்டால் ஒருவருடைய வியாழக்கிழமை குறைகிறது. கணக்கு நேராக இருக்கிற எல்லா இடத்திலும் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை என்பதை நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து தினமும் பார்க்கிறவன். அம்மா சொல்லித்தான், இப்போது கிலோவுக்கு மேல் ஒரு ஆழாக்கு போடுகிறேன், கோழியில் இரண்டு துண்டு அதிகம். பதினோராவது டப்பாவின் மேல் எதையும் எழுதுவதில்லை. பெரும்பாலான வாரங்களில் அது வெள்ளி இரவு வரை உறைபெட்டியின் மூலையில் அப்படியே கிடக்கிறது. சனிக்கிழமை மத்தியானம், அம்மா தேங்காய் அரைத்துக் கொடுக்க, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறோம்.